வெள்ளைச் சுவரும் வெங்காயக் கலரும்

திருச்சியில் எங்கள் உறவுக்காரர் வீட்டில் இருந்தபோது, என் கைப்பேசியில் இருந்த ஊர்ப் படங்களைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண் கேட்டார்: “ஏங்க்கா, உங்க ஊர்ல எல்லா வீடும் வெள்ளையாவே இருக்கே. கலர் புடிக்காதா, இல்ல காசு ஆகும்னு விட்டுட்டீங்களா?” நல்ல மனிசி, குத்திக் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கடைசிச் சொல் எனக்குச் சுட்டது. அங்கேயே ஒரு பதில் சொன்னேன். மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்து வெள்ளை, காசில்லாதவர்களின் நிறம் அல்ல. எங்கள் பழைய நாற்சார் வீடுகளில் நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் விறாந்தை இருக்கும், அதற்குப் பின்னால்தான் அறைகள். முற்றத்து வெளிச்சம் விறாந்தையைத் தாண்டித்தான் அறைக்குள் வரவேண்டும். யன்னலும் சின்னது, வெயிலுக்குப் பயந்து வைத்தது. அந்த அறையில் கடும் பச்சையோ ஊதாவோ அடித்தால் பகல் பன்னிரண்டு மணிக்கும் லைற் போடவேண்டி வரும். வெள்ளை அடித்தால் ஒரு யன்னலால் வரும் வெளிச்சமே எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி, அறை முழுக்க நிற்கும். சாமி அறை, நெல் வைக்கும் அறை, பிள்ளைகள் படிக்கும் அறை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். மின்சாரம் இல்லாத காலத்தில் குப்பி விளக்கோடு இருந்த வீடுகளில் இந்தக் கணக்குக்கு இன்னும் பெறுமதி.

வெள்ளைக்கு வேண்டிய சரக்கும் எங்கள் காலடியிலேயே இருந்தது. குடாநாடு முழுவதும் சுண்ணக்கல். கிணறு வெட்டினால் கொஞ்ச ஆழத்திலேயே கல் தட்டும். அந்தக் கல்லை நம்பித்தான் 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. அதற்கு எவ்வளவோ முன்னரே சூளையில் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தவர்கள் நாங்கள். தைப்பொங்கலுக்கு முன்னும், கோயில் கொடியேற்றத்துக்கு முன்னும், வீட்டில் கலியாணமோ சாமத்தியவீடோ வந்தாலும் முதல் வேலை சுண்ணாம்பு நீற்றுவதுதான்.

அம்மா அதைச் செய்த விதம் எனக்கு அப்படியே தெரியும். பழைய தகர ரின்னில் தண்ணீரை நிரப்பி, சுட்ட கல்லைத் துண்டு துண்டாகப் போடுவா. அது சீறிக் கொதிக்கும். எங்களைக் கிட்ட விடமாட்டா, கண்ணில் தெறித்தால் கண் போய்விடும். கொதி அடங்கியதும் மூடி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிப்பா. வடித்த பாலில் கொஞ்சம் கஞ்சித் தண்ணீர், ஒரு பிடி உப்பு, உடுப்புக்குப் போடும் நீலத்தில் ஒரு துளி. நீலம் கூடினால் சுவர் நோய் பிடித்ததுபோல இருக்கும் என்று, ஒரு சிரட்டையில் தனியாகக் கரைத்துத்தான் சேர்ப்பா. அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, சுவர் நனைந்தது மட்டும் தெரியும். காயக் காயத்தான் வெள்ளை ஏறும். அவசரக்காரர்கள் முதல் பூச்சிலேயே தடிப்பாக அடித்து, பிறகு செதில் செதிலாகக் கழன்று விழுகிறது என்று சுண்ணாம்பைக் குறை சொல்வார்கள். சுவரை முதலில் நனைத்து, மெல்லிசாக ஒருமுறை குறுக்காகவும் ஒருமுறை நெடுக்காகவும் அடித்தால் கையில் ஒட்டாது. சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமிலவாயுவை இழுத்துத் திரும்பவும் கல்லாகிறது. இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகள் அதற்கு இடம் கொடுக்கும், ஒரு தடித்த பூச்சு கொடுக்காது.

பிறகு 1990 வந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சீமெந்து குடாநாட்டுக்குள் வராது, காங்கேசன்துறையிலும் வேலை நின்றுவிட்டது. பெயின்ற் என்பது பேச்சுக்குக்கூட இல்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் எழும்பிப் போய், பிறகு திரும்பி வந்தபோது கூரையில்லாத வீடுகளும் பொத்தல் விழுந்த சுவர்களும்தான் இருந்தன. ஷெல் துண்டு பட்ட ஓட்டைகளைச் சுண்ணாம்பும் மணலும் குழைத்து அடைத்து, மேலே வெள்ளை அடித்துவிட்டுத்தான் பொங்கிச் சாப்பிட்டோம். இன்றும் பல வீடுகளில் பின்னேர வெயில் சரிந்து விழும்போது, அடைத்த இடங்கள் கைமுட்டி அளவில் மேடாகத் தெரியும். எந்தப் பூச்சும் அதை மறைக்காது. எங்கள் வெள்ளையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருகிறேன். திருச்சியிலும் சென்னை வளசரவாக்கத்திலும் எங்கள் ஆட்கள் இருக்கும் தெருக்களில் பார்த்தது, பஸ்ஸில் போகும்போது யன்னலால் கண்டது, பெயின்றர்மாரோடு நின்று கதைத்தது ஆகியவற்றை வைத்துச் சொல்கிறேன். அங்கே நிறத்துக்குப் பயப்படுவதில்லை. முன் சுவரில் மாம்பழ மஞ்சள், தூணில் அரக்கு, மாடிக் கைப்பிடியில் கிளிப்பச்சை. உள்ளே ஒரு அறை வெங்காயக் கலர், அடுத்த அறை மயில்கழுத்து. சேலைக்குச் சொல்கிற பெயரையே சுவருக்கும் சொல்கிறார்கள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கடைக்காரர் வெங்காயக் கலர் என்றால் வாங்க வந்த பெண்ணுக்கு அட்டையே தேவையில்லை, எதைச் சொல்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. எங்களுக்கு மண்ணிறம், செம்மஞ்சள், றோஸ், கிறீம் என்று பாடப் புத்தகப் பெயர்கள்தான்.

சொற்கள் இன்னும் உண்டு. எங்கள் மேசன் அங்கே கொத்தனார். சுவரை நிரவ நாங்கள் பில்லர் பூசுகிறோம், அவர்கள் பட்டி பார்க்கிறார்கள். சான்ட் பேப்பருக்கு அவர்கள் வைத்திருக்கும் உப்புத்தாள் என்ற பெயரை நான் ஊருக்கும் கொண்டுவந்துவிட்டேன். பெயின்றர் வந்து “நாளைக்குச் சாரம் கட்டணும்” என்று சொன்னபோது எங்கள் மாமா ஏன் இதை நமக்குச் சொல்கிறார் என்று விழித்தார். எங்களுக்குச் சாரம் என்றால் இடுப்பில் கட்டுவது.

வேலைத் திறத்தில் அவர்களுக்குக் குறை சொல்ல முடியாது. பட்டி இரண்டு தடவை, உப்புத்தாள், பிரைமர், அதற்கு மேல் எமல்ஷன் என்று வரிசை தவறாமல் செய்கிறார்கள். கை ஓடுகிற வேகம் எங்கள் ஆட்களுக்கு வராது. குறைந்த காசுக்கு டிஸ்டெம்பர் என்ற வழியும் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லை வயதானவர்கள் வாயில்தான் கேட்கலாம். பெரிய நாடு, பெயின்றை அங்கேயே செய்கிறார்கள், தெரிவும் கூட. ஏசியன் பெயின்ட்ஸ் 1942இல் பம்பாயில் தொடங்கியது. 1954இல் ஆர். கே. லக்ஷ்மண் அதற்கு வரைந்து கொடுத்த, கையில் தூரிகையோடு நிற்கும் ‘கட்டு’ பையன் இந்தியாவுக்கே தெரிந்த முகம். அதே கொம்பனி 2017இல் இலங்கையின் கோஸ்வே பெயின்ற்ஸை வாங்கிவிட்டது. ஆகவே அவர்களுடைய நிற அட்டை இப்போது எங்கள் கடைகளிலும் தொங்குகிறது, எங்கள் இளம் சோடிகளும் ஒரு சுவருக்கு மட்டும் கடும் நிறம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் வெள்ளையை ஏழ்மை என்று சொல்ல அவர்களுக்கு நியாயம் இல்லை. தமிழ்நாட்டில் காசு கொழித்த வீடுகள் எவை? செட்டிநாட்டு வீடுகள். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடித் தரைக் கல்லும் வாங்கிப் போட்டவர்கள் சுவருக்கு என்ன செய்தார்கள்? சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கை வழுக்கும் வரை தேய்த்து, வெள்ளையாகவே விட்டார்கள். நல்லூர்க் கோயில் மதிலிலும் தமிழ்நாட்டுக் கோயில் மதில்களிலும் அதே வெள்ளையும் காவியும்தான் பட்டை பட்டையாக ஓடுகின்றன. வீட்டுச் சுவரில் அவர்கள் அதை மறந்துபோனார்கள், நாங்கள் வைத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. சுவருக்கு நிறம் யார் தீர்மானிப்பது? சென்னையில் பெரும்பாலும் வீட்டுக்காரர். குடியிருந்தவர் வெளியேறும்போது பெயின்ற் செலவென்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு, அடுத்தவர் வரமுன் தனக்குப் பிடித்த ஏதோவொரு நிறத்தை அடித்துவிடுகிறார். குடியிருப்பவளுக்கு ஆணி அடிக்கவும் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வீடு மகளுக்கு. ஒல்லாந்தர் 1707இல் எங்கள் வழக்கச் சட்டமான தேசவழமையை எழுதி வைக்கும் முன்பிருந்தே சீதனமாகப் பெண்ணோடு போவது வீடும் வளவும். அம்மம்மா அடித்த சுவரில் அம்மா அடித்து, அதன்மேல் மகள் அடிக்கிறாள். சீதனத்தால் பட்ட பாடுகளை நான் மறைக்கவில்லை, அது வேறு கட்டுரை. ஆனால் சுவரில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் உரித்து எங்கள் பெண்களுக்கு அதனால்தான் வந்தது. அவர்கள் தெரிந்தெடுத்த வெள்ளை அது.

காசுக் கணக்குக்கு வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒன்பது அடி உயரம். கதவு, இரண்டு யன்னல் போக ஏறத்தாழ 350 சதுர அடி சுவர் வரும். எமல்ஷன் இரண்டு பூச்சு அடிக்க ஆறு லீற்றர் வேண்டும், பில்லரும் கூலியும் வேறு. 2022இல் எங்கள் காசு டொலருக்கு 200 இலிருந்து 360க்கு விழுந்தபோது ஆறு லீற்றர் என்பது பெரிய தொகையாகிவிட்டது. அந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை தன் அறையை எப்படி அடித்தாள் என்று பார்த்தேன். மூன்று வீடுகளில் மிஞ்சிக் கிடந்த ரின்களைக் கேட்டு வாங்கினாள். எமல்ஷனை எமல்ஷனோடுதான் சேர்க்கலாம், எனாமலைத் தொடக்கூடாது என்பது தெரிந்தவள். மேலே படிந்த தோலை எடுத்து, துணியில் வடித்து, கிறீமும் வெள்ளையும் ஒரு கோப்பை நீலமும் ஒரே வாளியில் கலக்கினாள். ஒரே வாளியில் கலக்காவிட்டால் அடுத்த சுவருக்கு அதே நிறம் கிடைக்காது. முதலில் அலுமாரிக்குப் பின்னால் ஒரு முழச் சதுரம் அடித்து, காலை வெயிலிலும் இரவு பல்ப் வெளிச்சத்திலும் பார்த்தாள். பிறகுதான் றோலரைத் தொட்டாள். வெளிறிய கடல் நிறத்தில் அந்த அறை இப்போதும் நன்றாக இருக்கிறது. எந்த அட்டையிலும் அந்த நிறம் கிடையாது.

சுண்ணாம்புக்கு நான் இவ்வளவு வக்காலத்து வாங்குவதற்கு வேறு காரணமும் உண்டு. கடற்கரையோரம், உவர்த் தண்ணீர், சில வேளை கழுவாத மணல். இதனால் எங்கள் சுவர்களில் உப்புப் பூக்கும். அதற்கு மேல் பிளாஸ்ரிக் எமல்ஷனை இறுக்கி அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் போட்டு, தோல் உரிகிறது. சுண்ணாம்பு மூச்சு விடும். நாகப்பட்டினத்திலும் இராமேஸ்வரத்திலும் இருப்பவர்களுக்கும் இதே கதையாகத்தான் இருக்கும், ஒரே கடல்.

போருக்குப் பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கில் எழுந்த வீடுகளை நன்றியோடு சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், 550 சதுர அடி வீடு, கட்டுவது வீட்டுக்காரரே. காசு பூச்சு வேலையோடு முடிந்துபோய், பல வீடுகள் சாம்பல் சீமெந்தாகவே நின்றன. வன்னியில் அப்படி ஒரு வீட்டில் முன்பக்கம் மட்டும் இளம்பச்சை, மற்ற மூன்று பக்கமும் வெறும் சீமெந்து. வீட்டுக்கார அம்மா சொன்னா: “முன்பக்கம் சனத்துக்கு, தங்கச்சி. உள்ளுக்கு வந்து பாருங்கோ.” உள்ளே எல்லா அறையும் சுத்த வெள்ளை. கதவு நிலைகளுக்கு மட்டும் மண்ணிற எனாமல்.

பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறக்க வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் முதலில் நிற அட்டையைத்தான் கேட்கிறார்கள். முதலில் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரானால் சுண்ணாம்பு அதில் பிடிக்காது, சுரண்ட வேண்டும், இல்லையென்றால் எமல்ஷனோடுதான் போக வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரானால் அதை மாற்றாதீர்கள். நிறம் வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்காரரிடம் ஒன்றைக் கேட்டு எடுங்கள். காவியோ மஞ்சள் மண்ணோ சுண்ணாம்பில் கலந்து ஒரு சுவருக்கு அடிக்கலாம், மண் நிறங்கள் சுண்ணாம்பில் நாட்பட்டும் மங்காது. சுண்ணாம்பின் நிறையில் பத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது, போனால் கையில் ஒட்டும். ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்தபின் மிகவும் வெளிறும், அதனால் ஒரு ஓட்டுத் துண்டில் அடித்துக் காயவைத்துப் பாருங்கள். மிஞ்சும் காசைக் கதவுக்கும் யன்னலுக்கும் நல்ல எனாமலாகப் போடுங்கள்.