அந்த நாள்: கொலையாளியைத் தேடிய படமும் கொலையுண்டவனின் முகமும்

அந்த நாள், 1954-ல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். எஸ். பாலசந்தர் இயக்கினார்; ஏ. வி. மெய்யப்பன் தயாரித்தார், கதை வசனம் ஜாவர் சீதாராமன். சிவாஜி கணேசன், பண்டரிபாய் முதன்மை வேடங்களில் நடித்தனர். பாட்டும் நடனமும் சண்டைக்காட்சியும் இல்லாத முதல் தமிழ்ப் படம் என்று இது நினைவுகூரப்படுகிறது. (இக்கட்டுரை படத்தின் முடிவை வெளிப்படுத்துகிறது.)

கதை

1943 அக்டோபர். சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு வீசிய சூழலில், வானொலிப் பொறியாளர் ராஜன் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். அவன் சாவிலிருந்தே படம் தொடங்குகிறது. சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் (ஜாவர் சீதாராமன்) விசாரிக்க வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர், ராஜனின் தம்பி, தம்பியின் மனைவி, ராஜனின் ஆசைநாயகி என ஒவ்வொருவரும் வேறொருவரைச் சந்தேகிக்கிறார்கள். கடைசியில், ராஜனின் மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே அவனைக் கொன்றது என்று தெரியவருகிறது. ராஜன் ஜப்பானியருக்கு ரகசியங்களை விற்றுவந்தவன். உஷா நாட்டுப்பற்று மிக்கவள்.

ரஷோமோனும் அந்த நாளும்

அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) படத்தோடு அந்த நாளை ஒப்பிடுவது வழக்கம். ஒரே கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்வது இரண்டிலும் உண்டு. ஆனால் நோக்கம் வேறு. ரஷோமோனில் உண்மை எதுவென்று கடைசிவரை உறுதியாவதில்லை. அந்த நாளில் உறுதியாகிறது. ஆகவே இதை ரஷோமோனின் தழுவல் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. உத்தி அங்கிருந்து வந்திருக்கலாம். கட்டமைப்பு துப்பறியும் கதையினுடையது.

திருப்பம் எங்கே இருக்கிறது?

நல்ல திருப்பம் கொல்லிமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவைப் போன்றது. எழுபது வளைவுகளில் எதில் நின்று பார்த்தாலும், ஏறிவந்த சாலை கீழே தெரியும். வந்த வழியைக் காட்டாத திருப்பம் வெறும் அதிர்ச்சி மட்டுமே.

அந்த நாள் இந்தச் சோதனையில் தேறுகிறது. ராஜன் வானொலிப் பொறியாளன் என்பது முதலிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. போர்க்காலம் என்பதும் மறைக்கப்படவில்லை. இரண்டையும் நாம்தான் சேர்த்துப் பார்க்கத் தவறுகிறோம். பணம், சொத்து, காமம் என்று குடும்பத்துக்குள்ளேயே காரணம் தேடும்படி சாட்சியங்கள் நம்மைப் பழக்கிவிடுகின்றன. ‘யார் கொன்றது?’ என்ற கேள்வி, முடிவில் ‘இறந்தவன் யார்?’ என்று மாறுகிறது. உண்மையான திருப்பம் அதுதான்.

நடிகர் தேர்வும் இதற்கு உதவுகிறது. ‘பராசக்தி’யில் (1952) கண்ட அதே ஜோடி. நாயகனாக ஏற்கப் பழகிய முகத்தைத் துரோகியாக எண்ண, அன்றைய பார்வையாளருக்கு எளிதில் மனம் வந்திராது.

குறைகள்

இரண்டு குறைகளைச் சொல்லலாம். முதலாவது, மற்றவர்களின் வாக்குமூலங்களைச் சந்தேகிக்கச் சொல்லும் படம், உஷாவின் வாக்குமூலத்தை மட்டும் அப்படியே நம்பச் சொல்கிறது. அதுவும் ஒருவர் சொல்லும் கதைதானே?

இரண்டாவது இன்னும் கனமானது. 1943-ல் ஆட்சியிலிருந்தது பிரிட்டிஷ் அரசு. அதே ஆண்டு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் ஜப்பானின் துணையோடு அந்த அரசை எதிர்த்து அணிதிரண்டது. அப்படியானால், ஜப்பானுக்குச் செய்தி அனுப்புவது யாருக்குச் செய்யும் துரோகம்? சுதந்திரம் பெற்று ஏழே ஆண்டுகள் ஆன நாட்டில் இந்தக் கேள்வி பலர் மனத்தில் இருந்திருக்கும். ராஜனுக்குப் பணத்தாசையும் மனக்கசப்பும் சேர்த்து அவனைக் குற்றவாளியாக்குவதால், இக்கேள்வி இறுதிக்காட்சியின் வேகத்தில் அமுங்கிவிடுகிறது.

இடம்

முதல் வெளியீட்டில் படம் பெரிய வணிக வெற்றி பெறவில்லை; தேசியத் திரைப்பட விருதுகளில் நற்சான்றிதழ் பெற்றது. கொலையாளியின் பெயர் தெரிந்தபின் பல மர்மப் படங்களில் பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த நாளை இரண்டாம் முறை பார்க்கும்போது கவனம் உஷாவின் மீது திரும்புகிறது. விசாரணை நடக்கும் வீட்டில் அவளும் இருக்கிறாள். ஒவ்வொரு பழியும் வேறொருவர் மேல் விழுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கணவனுக்காக அழும் மனைவி என்று முதல்முறை நாம் எடுத்துக்கொண்ட அந்த மௌனம், இரண்டாம் முறை வேறொன்றாகத் தெரிகிறது.