ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுங்கள்

சினிமாவில் ஒரே ஷாட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கோயில் தூணில் இருக்கும் யாளியின் பல்வரிசை வரைக்கும் விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்கக் கண்முன் விரிந்து கிடக்கும் இணையப் பக்கத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், ‘அது கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம்’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது, ஆனாலும் ரசிக்க ஆளில்லை. இதைவிடக் கொடுமை, வெப் டிசைன் தொழிலில் இருப்பவர்களிலேயே பலர் பக்கங்களைப் பார்ப்பதில்லை. பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட்டைத்தான் பார்க்கிறார்கள்.

அடிப்படைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் இடைவெளி: ஒரு தலைப்பு தன் பத்திக்கு அருகில் இருக்கிறதா, மேலே முடிந்துபோன பத்தியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அடுத்து எழுத்து: ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே தமிழுக்கு வைத்தால், மேல்வரி ‘ழு’வின் வாலும் கீழ்வரி ‘கீ’யின் சுழியும் உரசிக்கொள்ளும். மூன்றாவது நிறம்: சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்கின்றன அணுகல்தன்மை விதிகள். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்தை வைப்பது நாகரிகமல்ல, வாசகர்மேல் அக்கறையின்மை. இவ்வளவு தெரிந்தால் போதும், உள்ளே வந்துவிடலாம்.

இனிதான் விஷயம். கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து, உலாவி ஜன்னலின் வலது ஓரத்தைப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளுங்கள். பக்கம் வளைகிறதா, தாவுகிறதா? நான் பக்கங்களை இந்த இரண்டு சாதிகளாகத்தான் பிரிக்கிறேன்.

வளையும் பக்கத்தில் ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கும், தலைப்பு அளவாகச் சிறுக்கும், பக்கவாட்டில் நிற்கும் நான்கு நெடுவரிசை மூன்றாகி இரண்டாகும். எந்த இடத்தில் நிறுத்தினாலும் அது முடிந்த வேலையாகத் தெரியும். தாவும் பக்கம் வெகுநேரம் மரம்போல் நிற்கும். படத்தின் ஓரம் வெட்டுப்படும், வரி நசுங்கும். பிறகு திடீரென்று மொத்தமும் கலைந்து வேறு பக்கமாக மாறும்.

இணையம் பிறந்ததே வளைந்துதான். 1991இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் தளத்தின் எளிய பக்கங்களை இன்றைய போனில் திறந்தாலும் வரிகள் தாமே மடிந்து அமரும். அச்சுப் பழக்கத்தோடு வந்தவர்கள்தான் அதைச் சட்டத்தில் அடித்தார்கள். 1996இல் வந்த ‘ஸ்பேஸ் ஜாம்’ படத்தின் தளம் இன்னும் அப்படியே பாதுகாக்கப்படுகிறது. காலத்தின் உற்சாகம் அதில் பொங்குகிறது, ஆனால் அட்டவணைக் கட்டங்களுக்குள் இறுகிக் கிடக்கிறது. 2000இல் ஜான் ஆல்சாப், ‘எ லிஸ்ட் அபார்ட்’ இதழில் எழுதிய கட்டுரையில், நெகிழ்வுதான் இந்த ஊடகத்தின் பலம் என்று வாதாடினார். 2007இல் ஐபோன் வந்தது, சின்னத் திரைக்கும் பக்கம் வளைய வேண்டியதாயிற்று. 2010இல் அதே இதழில் ஈதன் மார்கோட் மூன்று விஷயங்களைச் சேர்த்து ‘ரெஸ்பான்சிவ்’ முறையை முன்வைத்தார்: விகிதத்தில் விரியும் கட்டம், நெகிழும் படம், திரை அகலத்தை விசாரிக்கும் மீடியா குவெரி.

தொழில் மூன்றாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் பக்கம் தாவும் இடமாக 768 பிக்சல் என்ற எண் எங்கும் நிற்கிறது. அது முதல் ஐபேடை நிமிர்த்திப் பிடித்தால் வரும் அகலம். போனுக்கு ஒன்று, டேப்லெட்டுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என மூன்று படம் வரைவார்கள். நடுவில் இருக்கும் அகலங்களுக்கு யாரும் பொறுப்பில்லை. மடக்கு போனை விரித்து வைத்திருப்பவர் அந்த நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்.

தாவல் எல்லாமே பிழை என்று சொல்லமாட்டேன். மெனு ஏதாவது ஓரிடத்தில் மடங்கித்தான் ஆகவேண்டும். அது எங்கே மடங்குகிறது என்று பாருங்கள். கடைசிச் சொல் இடிக்கப்போகும் தருணத்தில் மடங்கினால் செய்தவர் தன் உள்ளடக்கத்தைப் படித்திருக்கிறார். யாரோ விற்ற கருவியின் அகலத்தில் மடங்கினால் கருவிகளின் பட்டியலைத்தான் படித்திருக்கிறார். இன்றைக்குச் சாக்கும் இல்லை. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியின் கட்ட அமைப்பான ‘கிரிட்’ 2017இல் முக்கிய உலாவிகளுக்கு வந்துவிட்டது. கீழெல்லையும் மேலெல்லையும் சொல்லிவிட்டால் நடுவில் எழுத்தளவைத் தானே சரிசெய்துகொள்ள ‘கிளாம்ப்’ இருக்கிறது. 2023க்குள் கன்டெய்னர் குவெரியும் எல்லா முக்கிய உலாவிகளிலும் சேர்ந்தது. அதனால் ஒரு செய்திப்பெட்டி, திரை எவ்வளவு அகலம் என்று கேட்காமல், தனக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்று பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும்.

தமிழ்ப் பக்கத்தில் இந்தச் சோதனை இன்னும் கடுமையானது. ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கான’ என்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் வரைந்து தமிழை ஊற்றிய பட்டன் எது என்று ஓரத்தை இழுத்ததும் தெரிந்துவிடும்.

வெப் டிசைனுக்கு விருது கொடுக்கும் தளங்கள் கொண்டாடும் பக்கங்களில் பாதியை இப்படி இழுத்துப் பாருங்கள், பகட்டு உதிர்ந்துவிடும். கண்ணாடிபோல் மங்கும் பெட்டி, சாப்பாட்டுப் பெட்டி அறைகள்போல் அடுக்கிய ‘பென்டோ’ கட்டம், நம் விரலைப் பிடுங்கித் தன் வேகத்தில் உருட்டும் ஸ்க்ரோல்: ஒவ்வொரு வருடமும் ஒரு மோஸ்தர். எல்லாமே நிலைப்படத்திலோ சின்ன வீடியோவிலோ பிரமாதமாக இருக்கும். ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் மூன்று சட்டம் வரைந்துவிட்டு ‘டிசைன் முடிந்தது’ என்பவர் ஓவியம் முடித்திருக்கிறார், பக்கம் முடிக்கவில்லை. ‘இப்போது எல்லாத் தளமும் ஒரே மாதிரி இருக்கிறது’ என்று சலித்துக்கொள்ளும் விமர்சகர்களும் நிலைப்படத்தை வைத்தே தீர்ப்பு எழுதுகிறார்கள். அசைத்துப் பார்த்தால் ஒரே முகம் கொண்ட இரண்டு பக்கங்களுக்கு நடுவில் மலையளவு வித்தியாசம் தெரியும்.

உங்களிடம் மனம்விட்டுச் சொல்கிறேன். ஒரு இளைஞர் தன் வேலைகளைக் காட்ட வரும்போது நான் நிறத்தையும் பார்ப்பதில்லை, அனிமேஷனையும் பார்ப்பதில்லை. ஓரத்தைப் பிடித்து இழுப்பேன். யாரும் கேட்காத ஒரு அகலத்தில் வரிகள் ஒழுங்காக அமர்ந்திருந்தால் எனக்கு அப்படியொரு சந்தோஷம். இந்தக் கலையில் செய்கிறவர் தன் வேலை கடைசியில் எந்த அளவில் தெரியும் என்று பார்க்கவே முடியாது. பார்க்கமுடியாத திரைக்கும் சேர்த்து யோசிப்பதுதான் இங்கே திறமை.

போனில் ஓரம் கிடையாதே என்பவர்கள் போனைப் படுக்கவைத்துப் பார்க்கலாம். கணினியில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டிப் பக்கத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் சோதனை நடக்கும். பிறகு 2003இல் டேவ் ஷே தொடங்கிய ‘சிஎஸ்எஸ் ஜென் கார்டன்’ தளத்துக்குப் போங்கள். ஒரே உரை, ஒரே எச்டிஎம்எல் எலும்புக்கூடு, மேலே பல கலைஞர்கள் போட்ட பல கோலங்கள். நான்கைந்தைத் திறந்து எது வளைகிறது, எது தாவுகிறது என்று நீங்களே பிரியுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும், அடுத்த நாள் உங்கள் வங்கியின் தளத்தைக்கூடச் சும்மா கடந்துபோக மாட்டீர்கள்.