கமெராக்கள் போன பிறகு

சரயேவோ என்றதும் எங்களுக்கு நினைவு வருவது குனிந்தபடி வீதியைக் கடந்து ஓடும் மனிதர்கள்தான். 1992 முதல் 1996 வரை நீடித்த முற்றுகையின்போது தொலைக்காட்சிகள் தந்த பிம்பம் அது. முற்றுகை முடிந்தது, கமெராக்கள் போய்விட்டன, பிம்பம் மட்டும் தங்கிவிட்டது.

ஜஸ்மிலா ஸ்பானிச்சின் 'க்ர்பாவிட்சா' (2006) அதைத் தொடவேயில்லை. மகளின் பாடசாலைச் சுற்றுலாவுக்குக் காசு தேடி அலைகிறாள் எஸ்மா. தகப்பன் போரில் 'ஷஹீத்' ஆனவர் என்று சான்றிதழ் கொடுத்தால் கட்டணத்தில் சலுகை உண்டு. எஸ்மாவிடம் அது இல்லை. மகள், முகாமில் நடந்த வல்லுறவில் பிறந்தவள். மாவீரனின் பிள்ளைக்குச் சலுகை வைத்திருந்த சமூகத்திடம் இந்தப் பிள்ளைக்கு ஒரு படிவம்கூட இருக்கவில்லை. வல்லுறவுக்கு உள்ளான பெண்களைப் போரினால் பாதிக்கப்பட்ட பொதுமக்களாக பொஸ்னியக் கூட்டாட்சிப் பகுதியின் சட்டம் ஏற்றதும் 2006இல்தான். போர் முடிந்து 11 வருடங்களின் பின்.

இரவு விடுதியில் வரும் சண்டியர்கள் நாங்கள் பல படங்களில் பார்த்துச் சலித்தவர்கள். அங்கே படம் சறுக்குகிறது. மிர்யானா கரனோவிச்சின் களைத்த முகம் அதை மீட்கிறது.

2009க்குப் பிந்திய எங்கள் ஊர்களையும் நாங்கள் சில படங்களாகவே சேமித்து வைத்திருக்கிறோம். பிள்ளையின் ரியூசன் காசுக்குக் கைமாற்றுக் கேட்டு நிற்கும் தாய் அவற்றில் இல்லை.