பழைய சீலைத் தூக்கி எறியாதீர்கள்

மாருதி ஆம்னியின் பின்சக்கர டிரம்மைக் கழற்றியதும் பிரேக் ஷூ எண்ணெயில் ஊறிக் கிடந்தால், ‘ஆக்சில் ஆயில் சீல் போயிடுச்சு’ என்று எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். புதுச் சீலை வாங்கித் தட்டி உட்கார வைத்தால் கதை முடிந்தது என்பது பொதுவான எண்ணம். என் கட்சி வேறு. சீலைத் தட்டி ஏற்றும் கைத்திறனை நாலைந்து முறையில் பழகிவிடலாம். ரசிக்க வேண்டிய திறமை, பழைய சீல் ஏன் கைவிட்டது என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அதற்கு வேண்டியது சாவகாசம். அடுத்த வண்டி வாசலில் நிற்கும் பட்டறையில் அது கிடைப்பது அரிது. வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கிடைக்கும். 1984 முதல் 2019 வரை தயாரான ஆம்னி இந்தக் கலைக்கு வாகான வண்டி. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில், இழுவை பின்சக்கரத்தில். அதனால் பின் ஆக்சில் ஹவுசிங்கின் இரு முனையிலும் ஒரு சீல், அதை ஒட்டியே பிரேக்.

கையில் வாங்கிப் பார்த்தால் சீல் அற்பமாகத்தான் தெரியும். ஓர் இரும்பு வளையம், அதில் வார்த்த ரப்பர், உள்விளிம்பில் மெல்லிய உதடு, உதட்டை இறுக்கிப் பிடிக்க நூல் போன்ற சுருள் ஸ்பிரிங். உதட்டின் இரண்டு சரிவுகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்தாகவும் காற்றுப் பக்கச் சரிவு சாய்வாகவும் இருக்கும். சூட்சுமம் இந்தச் சமமின்மையில்தான். சுழலும் தண்டுக்கும் உதட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் எப்போதும் உண்டு; இல்லாவிட்டால் ரப்பர் கருகிவிடும். வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை, தண்டு சுற்றச் சுற்ற, உதடே உள்ளுக்குத் திருப்பி இறைக்கிறது. ஒரு காலத்தில் இந்த வேலையைத் தோல் வளையங்கள் செய்தன. 1930களில் செயற்கை ரப்பருக்கு மாறிய முன்னோடிகளில் ஒன்றான ஜெர்மனியின் ஃபிராய்டன்பெர்க் நிறுவனம், 1849-இல் தோல் பதனிடும் ஆலையாகத் தொடங்கியது என்பது பொருத்தம்தான்.

இறைக்கும் கருவி நின்றுபோனால், அது ஏன் நின்றது என்று கேட்க வேண்டாமா? முதலில், ஊறியிருப்பது கியர் ஆயில்தானா என்று பார்க்க வேண்டும். விரலில் தொட்டுத் தேய்த்தால் பிசுபிசுப்பும் கந்தக வாடையும் இருந்தால் கியர் ஆயில். நீர்த்து, தண்ணீரில் விட்டதும் கலந்துபோனால் அது பிரேக் ஆயில். குற்றவாளி வீல் சிலிண்டர், சீல் நிரபராதி. அடுத்து உதடு. சுற்றிலும் விறைத்து வெடித்திருந்தால் வயதும் சூடும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பேரிங்கில் ஆட்டம் விழுந்திருக்கிறது, தண்டு மையத்தில் ஓடவில்லை. ஸ்பிரிங் கழன்று கிடந்தால் போன தடவை மாட்டியவரின் அவசரம். சீல் உராயும் இடத்தில் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுகிறதா? அப்படியானால் புதுச் சீலும் அதே பள்ளத்தில்தான் ஓடும். ஹவுசிங் இடம் கொடுத்தால் ஒரு மயிரிழை முன்னே பின்னே உட்கார வைத்து, தேயாத இடத்தில் உதட்டை ஓடவிடலாம். எல்லாம் நன்றாக இருந்தும் கசிந்தால் ஹவுசிங்கின் மேலே உள்ள பிரீதரைப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால், ஓட்டத்தில் சூடாகி விரியும் காற்று போக வழியின்றி எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். அந்த அடைப்பை எடுக்காமல் எத்தனை சீல் மாற்றினாலும் கடைக்காரருக்குத்தான் லாபம்.

மாட்டுவதிலும் அழகு இல்லாமல் இல்லை. பிடிவாதமாக வராத ஆக்சிலுக்கு, டிரம்மைத் திருப்பிப் போட்டு, வீல் நட்டுகளை நுனியில் மட்டும் ஏற்றி, டிரம்மையே சுத்தியலாக்கி வெளிப்பக்கம் இழுத்து அடிப்பது பட்டறை உலகத்தின் நேர்த்தியான யோசனைகளில் ஒன்று. புதுச் சீலின் ஸ்பிரிங் பக்கம் உள்ளே பார்க்க வேண்டும், உதட்டில் கிரீஸ் வேண்டும். அளவான குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டும்போது காதைக் கொடுங்கள்: பொத்துப் பொத்தென்று கேட்ட சத்தம், சீல் இருக்கையில் அமர்ந்ததும் கணீரென்று மாறும். ஆக்சிலைத் திரும்பச் செருகும்போது அதன் எடை உதட்டின்மேல் விழாமல் கையில் தாங்க வேண்டும்; புதுச் சீல்கள் பல சாவது இந்த ஒரு நொடியில்.

பிரேக் சம்பந்தப்பட்ட வேலையை வீட்டில் செய்வது விபரீதம் என்பார்கள். நியாயமான பயம்தான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகிறவரையும், ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டுகிறவரையும் நான் ஆதரிக்கவில்லை. லைனிங் குடித்த எண்ணெய் சூடேறினால் மறுபடி கசியும். இரண்டு பக்கமும் புது ஷூதான் போட வேண்டும். ஆனால் கழுவிய ஷூவோடு வண்டியை அனுப்பும் பட்டறைகளும் உண்டே. ஆபத்து இடத்தில் இல்லை, செய்கிற முறையில் இருக்கிறது. பேரிங்கை அழுத்தி ஏற்ற பிரஸ் வேண்டும் என்பது இன்னொரு ஆட்சேபம். உண்மை. அந்த ஒரு வேலைக்கு ஆக்சிலை லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்; கூடவே பழைய சீலையும் எடுத்துப் போய் அங்கிருப்பவரிடம் காட்டுங்கள், தேய்மானத்தைப் பற்றி அவருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும்.