ஜெமினி கணேசன் காதலித்த மாமி

'அவ்வை சண்முகி'யைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் கமலின் ஒப்பனையில் தொடங்கி கிரேசி மோகனின் வசனத்தில் முடித்துவிடுகிறார்கள். மைக்கேல் வெஸ்ட்மோர் செய்து தந்த முகம், மடிசார், அந்த நடை எல்லாம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அது ஜெமினி கணேசன் படம். 1996 தீபாவளிக்கு வந்த நாளிலிருந்து நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, தன் பிள்ளையைப் பார்ப்பதற்காக மாமி வேடத்தில் வரும் மாப்பிள்ளை கமலை, மாமனார் விஸ்வநாத ஐயராக ஜெமினி பார்க்கும் அந்தப் பார்வைக்காக.

மாறுவேடக் கதையில் வேடம் போட்டவரைவிட ஏமாந்தவரே முக்கியம் என்பது என் கட்சி. வேடக்காரருக்கு விஷயம் தெரியும்; நமக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான், அவர்தான் அந்தக் கதையில் பொய்யே இல்லாமல் காதலிக்கிறார். அவரை நடிப்பவர் ஒரு கணம் நம்மைப் பார்த்துக் கண்ணடித்தாலும் எல்லாம் போயிற்று. ஜெமினி கண்ணடிக்கவே இல்லை. 'கல்யாணப் பரிசு' காலத்தில் நாயகிகளின் முன் எப்படித் தயங்கி நின்றாரோ அப்படியேதான் 75 வயதில் இந்த மாமியின் முன்னும் நிற்கிறார். மாப்பிள்ளையிடம் கறாராக இருந்த குரல் மாமியிடம் வரும்போது தணிந்து, சொல்லவந்ததைப் பாதியில் விட்டுவிடுகிறது. சிரிப்புக்கு என்று அவர் தனியாக எதையும் செய்யவில்லை. அரங்கம் சிரித்தது, அவர் பாட்டுக்குக் காதலித்துக்கொண்டிருந்தார்.

அதே படத்தில் வீட்டுக்காரர் முதலியாராக மணிவண்ணனும் மாமியின் பின்னால் சுற்றுகிறார். மணிவண்ணன் எனக்கு மிகவும் பிடித்த நடிகர், அந்த வேடத்துக்கு வேண்டியதை அவர் குறையில்லாமல் செய்தார். ஆனால் அது ஆசை. இது காதல். இரண்டையும் ஒரே கதைக்குள் அருகருகே வைத்ததால்தான் ஜெமினி செய்தது எவ்வளவு நுட்பமானது என்று தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. 1960-இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் ஜெமினிக்கும் சாவித்திரிக்கும் பிள்ளையாக அறிமுகமானவர் கமல். 1988-இல் 'உன்னால் முடியும் தம்பி'யிலும் ஜெமினிதான் அப்பா. அந்தப் பிள்ளை 36 வருஷம் கழித்துப் புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்க, காதல் மன்னன் ஜெமினி அவரிடமே மனத்தைக் கொடுக்கிறார். இதை வேறெந்த நடிகரும் கூச்சமில்லாமல் தாங்கியிருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

கதையின் உள்ளே இருக்கும் கூர்மையைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை என்ற குறை எனக்கு உண்டு. ஏழை, நடனக் குழுவில் உதவியாளன், நம்மவன் இல்லை என்றுதான் கமலின் பாண்டியனை மாமனார் ஒதுக்குகிறார். மாப்பிள்ளையாக வேண்டாம் என்று விரட்டிய அதே ஆளை, மடிசாரில் வந்ததும் மனைவியாகவே கேட்கிறார். இங்கே மாறியது பால் மட்டுமில்லை, சாதியும்தான். சமையற்காரராக வரும் நாசரும் அதே வீட்டில் ஊமை பிராமணனாக நடிக்கும் பாஷா. படத்துக்கு மூலமான ஹாலிவுட்டின் 'மிஸஸ் டவுட்ஃபயர்' கதைக்குள் இப்படியொரு வீட்டைக் கட்டியது நம் ஊர் மூளை. மாமனார் காதலுக்கு மூலம் தேடினால் 1982-இல் வந்த 'டூட்ஸி'க்குப் போக வேண்டும். அதில் நாயகியின் தகப்பனார் மோதிரத்தோடு வந்து நிற்பார். சார்ல்ஸ் டர்னிங் அதை அருமையாகச் செய்தார். ஆனாலும் அவரை நாம் முன்பு காதலனாகப் பார்த்ததில்லை. ஜெமினியை நாற்பது வருஷம் பார்த்திருக்கிறோம்.

'அவ்வை சண்முகி'யின் இந்தி வடிவமான 'சாச்சி 420'தான் உயர்த்தி என்று வாதாடும் நண்பர்கள் எனக்குண்டு. கமலே இயக்கியது, குல்சாரின் வசனம், தபு, இறுக்கமான படம்தான். ஆனால் அதில் மாமனாராக வரும் அம்ரீஷ் புரி உருகும்போது, இவ்வளவு பெரிய உருவம் உருகுகிறதே என்ற வியப்பில்தான் சிரிப்பு வருகிறது. ஜெமினிக்கு உருகுவது இயல்பு. வியப்புக்கு அங்கே இடமே இல்லை, அதனால்தான் நெஞ்சில் தைக்கிறது.

'அவ்வை சண்முகி'யை அந்த 1996 தீபாவளியில் அம்மாவோடு பார்த்தேன். அப்போது எங்கள் வேளச்சேரியில் ஏரிப்பக்கம் காலி மனைகள்தான். நல்ல அரங்கில் படம் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்து மவுண்ட் ரோடு போக வேண்டும். இளவயதில் ஜெமினி படம் ஒன்று விடாமல் பார்த்தவள் அம்மா. மாமியை அவர் முதன்முதலாகக் கண்கொட்டாமல் பார்த்தபோது, "பாருடி, இன்னும் அதே கண்ணு" என்றாள். பக்கத்தில் எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அதற்கு முன்னும் பின்னும் வந்த மாறுவேடப் படங்களில் ஏமாந்தவருக்கு மரியாதையே இல்லை. 'ஆணழகன்' 1995-லேயே வந்தது. பிரசாந்துக்குப் பெண் வேடம் அழகாகப் பொருந்தியது, அதோடு சரி. 2016-இல் வந்த 'ரெமோ'வில் சிவகார்த்திகேயனின் நர்ஸ் ஒப்பனை எத்தனையோ நேர்த்தி, பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு வேறு. ஆனால் வேடம் எதற்கு? நிச்சயமான பெண்ணின் மனத்தைக் கலைக்க. பிள்ளையைப் பார்க்க முடியாத தகப்பன் புடவை கட்டியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! அந்த நர்ஸைக் காதலிக்கிற யோகி பாபுவிடம் ஜெமினியின் உண்மையில் ஒரு துளி இருந்தது. படம் அதைக் கவனிக்கவே இல்லை, சிரிப்புக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டு தள்ளிவிட்டது.

எங்கள் குடியிருப்பின் மாடியில் கல்லூரி மாணவிகள் சிலர் வாடகைக்கு இருக்கிறார்கள். கொரியத் தொடர்களில் ஊறியவர்கள். புதுயுகம் தொலைக்காட்சி தமிழில் பேசவைத்த கொரியத் தொடர்களோடு பள்ளிப் பருவத்தைக் கழித்த தலைமுறை. அவர்களில் ஒருத்தி, "ஆன்ட்டி, 'காபி பிரின்ஸ்' பாருங்க, அப்புறம் பேசலாம்" என்று சவால் விட்டாள். பார்த்தேன். 2007-இல் வந்த 17 பகுதிகள்; இயக்கியவர் லீ யூன்-ஜங் என்ற பெண். குடும்பத்தைக் காப்பாற்ற ஓடியாடி உழைக்கும் யுன்-சான் ஆண்பிள்ளை என்ற பெயரில் காபிக் கடையில் வேலைக்குச் சேர்கிறாள். முதலாளி ஹன்-கியுலுக்கு அவன்மேல், அதாவது அவள்மேல், மனம் போகிறது. முதலில் சகோதரர்கள் என்று உறவு வைத்துப் பார்க்கிறான். அடங்கவில்லை. ஆணாக இருந்தால் என்ன, எதுவாக இருந்தால் என்ன, போகிறவரை போய்ப்பார்க்கலாம் என்று ஒருநாள் தீர்மானித்துவிடுகிறான். உண்மை தெரியாமலேயே தீர்மானிக்கிறான்! கோங் யூ அந்த இடத்தில் நடித்ததை எத்தனை பாராட்டினாலும் தகும்.

அதைவிடப் பெரியது அடுத்து வருவது. அவள் பெண் என்று தெரிந்ததும், நல்லவேளை என்று அவன் பெருமூச்சு விடவில்லை. கொதித்துப் போகிறான். இத்தனை நாள் நான் பட்ட பாட்டை நீ பார்த்துக்கொண்டே இருந்தாயே என்ற கோபம் அது. ஏமாந்தவனின் காதலுக்குக் கணக்குக் கேட்ட கதை இது. எப்படியும் கடைசியில் பெண்தானே, தைரியம் என்று சொல்ல என்ன இருக்கிறது என்பார்கள். நியாயம்தான். கதாசிரியர்கள் ஒரு கதவைத் திறந்துவைத்தே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கதவு அவனுக்குத் தெரியாது. 'அவ்வை சண்முகி'யில் நான் குறை காண்பதும் இங்கேதான். குடும்பத்தைச் சேர்த்துவைக்கும் அவசரத்தில், விஸ்வநாத ஐயரின் மனம் என்ன ஆயிற்று என்று படம் நின்று கேட்கவில்லை. ஜெமினி அவ்வளவு கொடுத்த பிறகு கேட்டிருக்க வேண்டும்.

பெண் ஆணாக வருவது நமக்குப் புதிதும் இல்லை. 1935-இல் லட்ச ரூபாய் சம்பளத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார், 1941-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதர். ஹாங்காங்கில் 1963-இல் எடுத்த பட்டாம்பூச்சிக் காதலர் கதையில் நாயகன் லியாங் வேடத்தில் நடித்தவர் ஐவி லிங் போ என்ற பெண்மணி. ஆண் வேடமிட்ட பெண்ணை ஆணாக நடிக்கும் பெண் காதலிக்கிறார். தைவானே அவர் பின்னால் திரண்டது. இங்கோ சுந்தராம்பாளுக்குப் பக்தியைக் கொடுத்தோமே தவிர, ஒரு காதல் நகைச்சுவைக் கதையைக் கொடுக்கவில்லை.

வேடமே இல்லாத ஒருபால் காதல் இங்கே மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. 2010-இல் 'கோவா'வில் சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஜோடி. சம்பத் அதை நெளியாமல் செய்தார். ஒருபால் உறவு குற்றமில்லை என்ற 377 தீர்ப்பு 2018-இல் வந்தது. 2025-இல் 'காதல் என்பது பொதுவுடைமை'யில் மகள் தன் காதலியை வீட்டுக்கு அழைத்துவருகிறாள், அம்மா ரோகிணி. எல்லாம் நல்லதுதான், ஆனால் அது கனமான படம். எனக்கு வேண்டியது சிரிக்கவைக்கும் படம். கடைசிவரை ஏமாந்தவரோடு நிற்கும் படம்.

மாடிப் பெண்ணுக்கு என் பங்குக்கு 'அவ்வை சண்முகி'யைப் போட்டுக் காட்டினேன். ஜெமினி யாரென்றே அவளுக்குத் தெரியாது. பாதியில், "அந்தத் தாத்தா மட்டும் சீரியஸா லவ் பண்றாரு ஆன்ட்டி" என்றாள். இன்றைக்கு அந்தப் படத்தை மறுபடி எடுத்தால் விஸ்வநாத ஐயர் யார் என்று அன்றிரவு இரண்டு பேரும் நெடுநேரம் பேசினோம். அவள் சொன்ன பெயர்கள் எதையும் நான் ஏற்கவில்லை. என் ஓட்டு நாசருக்கு.