கணக்கப்பிள்ளை இல்லாத பேரேடு

பிளாக்செயின் என்பது ஆயிரக்கணக்கான கணினிகள் ஆளுக்கொரு படியாக வைத்திருக்கும் ஒரே பேரேடு. அதை எழுதக் கணக்கப்பிள்ளை கிடையாது. பங்கெடுப்பவர் யார் எவர் என்றும் தெரியாது. ஆனாலும் எல்லாப் படிகளிலும் ஒரே கணக்கு இருந்தாக வேண்டும். சிலர் பொய் சொன்னாலும் மற்றவர்கள் ஒத்துப்போவது எப்படி என்ற சிக்கலை லெஸ்லி லாம்போர்ட்டும் இரு சகாக்களும் 1982இலேயே பைசாந்தியத் தளபதிகளின் கதையாக எழுதினார்கள். அந்தக் கதையில் தளபதிகள் எத்தனை பேர் என்பதாவது தெரியும். 2008இல் சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான அறிக்கை, தலைக்கணக்கே இல்லாத கூட்டத்துக்கு வழி சொன்னது. ஆளை எண்ண வேண்டாம், செலவழித்த கணினி உழைப்பை எண்ணினால் போதும்.

அந்த வழியில் இயங்கும் பிட்காயினில் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு கணக்குப் புதிரை முதலில் விடுவிக்கும் கணினி பேரேட்டின் அடுத்த பக்கத்தை, அதாவது பிளாக்கை, எழுதுகிறது. பேரேடு இரண்டாகக் கிளைத்தால், அதிக உழைப்பு சேர்ந்த கிளையே செல்லும். ஆயிரம் போலிப் பெயர்களோடு வந்தாலும் ஒருவருக்குக் கூடுதல் பலம் கிடைக்காது. பொய் சொல்வதைத் தடுக்காமல் அதற்கு மின்கட்டணம் விதித்த இந்த யோசனை, கணினி அறிவியலின் நேர்த்தியான தந்திரங்களில் ஒன்று.

ஆனால் இதன் ஆதரவாளர்கள் ஒரு படி மேலே போகிறார்கள். மனிதரை நம்பத் தேவையில்லை, சூத்திரமே எல்லாவற்றையும் தீர்க்கும் என்கிறார்கள். சாதாரண நாள்களில் சரிதான். நெருக்கடி நாள்களைப் பார்த்தால் கதை வேறு.

2013 மார்ச்சில் பிட்காயின் மென்பொருளின் 0.8 பதிப்பு ஏற்றுக்கொண்ட ஒரு பெரிய பிளாக்கை, பழைய பதிப்பு ஓடிய கணினிகள் கையாள முடியாமல் தள்ளிவிட்டன. பேரேடு இரண்டானது. அதிக உழைப்பு புதிய கிளையில்தான் சேர்ந்துகொண்டிருந்தது. நிரலாளர்கள் இணைய அரட்டையில் கூடிப் பேசி, பழைய கிளைக்கே திரும்புவது என்று முடிவெடுத்தார்கள். புதிரை விடுவித்துக் காசு ஈட்டும் பெரிய மைனிங் குழுக்களை நடத்தியவர்கள் புதிய கிளையில் ஈட்டியதை விட்டுக்கொடுத்து உடன்பட்டார்கள். சில மணி நேரத்தில் சிக்கல் தீர்ந்தது. நல்ல முடிவுதான், ஆனால் எடுத்தது சூத்திரம் அல்ல. ஒருவரையொருவர் அறிந்த சிலர் எடுத்தார்கள்.

எத்திரியம் என்ற இன்னொரு பிளாக்செயினில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. 2016 ஜூனில் 'தி டாவ்' என்ற நிதியின் நிரலில் இருந்த ஓட்டை வழியே எத்திரியத்தின் காசான ஈதர் சுமார் 36 லட்சம் பறிபோனது. ஜூலையில் பேரேட்டின் விதியையே மாற்றிப் பணத்தை மீட்டார்கள். நடந்ததை மாற்றக் கூடாது என்று நின்றவர்கள் பழைய கிளையிலேயே தங்கினார்கள். அதற்கு எத்திரியம் கிளாசிக் என்று பெயர் வந்தது.

2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் மின்சாரம் தின்னும் புதிரைக் கைவிட்டுப் பிணைத்தொகைக்கு மாறியது. 32 ஈதர் முடக்கிவைத்தவருக்குப் பேரேட்டைச் சரிபார்க்கும் வாய்ப்பு உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு கணக்குக்குக் கையெழுத்திட்டு ஏமாற்றினால் பிணையில் வெட்டு விழும். மின்செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இதைச் சிறிய சாதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது வாக்கு என்பது நேரடியாகப் பணம். அந்தப் பணம் வாக்களிப்பவருடையதாக இருக்க வேண்டும் என்பதுகூடக் கட்டாயமில்லை. பிணை முறையின் இன்னொரு வடிவத்தில் இயங்கிய ஸ்டீம் என்ற பிளாக்செயின் வலையில், 2020 மார்ச்சில் கிரிப்டோ சந்தை நிறுவனங்கள் வாடிக்கையாளர் போட்டுவைத்திருந்த காசுகளைக் கொண்டே வாக்களித்து நிர்வாகத்தை மாற்றின. விதிப்படி ஒவ்வொரு வாக்கும் செல்லுபடியானது. எதிர்த்தவர்கள் அதே மாதத்தில் ஹைவ் என்று தனி வலை தொடங்கிப் போய்விட்டார்கள்.

ஆகவே இந்த முறையின் உண்மையான பலம் உடன்பாட்டில் இல்லை, உடன்படாதவர் பேரேட்டின் படியோடு வெளியேறலாம் என்பதில் இருக்கிறது என்பேன். வங்கியிலோ அரசுப் பதிவேட்டிலோ அது நடக்காது. அதற்கும் விலை உண்டு. எத்திரியம் கிளாசிக்குக்குக் கொள்கை மிஞ்சியது, கணினி வலு பெரும்பாலும் மறுபக்கம் போய்விட்டது. 2019 ஜனவரியிலும் 2020 ஆகஸ்டிலும் அதன் கணக்கைப் பின்னோக்கித் திருத்தி, தாக்குதல்காரர்கள் செலவழித்த காசையே மறுபடி செலவழித்தார்கள். அவ்வளவு சிறிய வலையில் கணினி வலுவின் பெரும்பான்மையை விலைக்கு வாங்க வேண்டியதுகூட இல்லை, சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தாலே போதும்.