இத்தாலிய வினைத்திரிபு அட்டவணை: ஒரு விமர்சனப் பார்வை

இத்தாலிய மொழியைக் கற்கத் தொடங்குவோர் அனைவரும் விரைவிலேயே எதிர்கொள்வது வினைத்திரிபு அட்டவணையாகும். ‘பார்லாரே’ (பேசுதல்) போன்ற ஒரு வினை தலைப்பில் இருக்கும். அதன்கீழ் 7 பாங்குகளும் அவற்றுள் 21 காலங்களும் வரிசையாக அமையும். பெரும்பாலான காலங்களுக்கு 6 வடிவங்கள் உண்டு என்பதால், ஒரே வினைக்கு நூற்றை நெருங்கும் கட்டங்கள் உருவாகின்றன. அகராதிகளின் பின்னிணைப்புகளிலும் பள்ளி இலக்கணங்களிலும் இந்த அமைப்பே காணப்படுகிறது. வடிவங்களைத் தேடி எடுக்க இது சிறந்த கருவி. ஆனால் மொழி இயங்கும் முறையைக் காட்டும் விளக்கமாக இதை எடுத்துக்கொண்டால், பல இடங்களில் கற்பவரைத் தவறான வழியில் செலுத்துகிறது.

அமைப்பு

இத்தாலிய மரபிலக்கணம் கூறும் 7 பாங்குகளில் நான்கு, தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடத்தைக் காட்டுபவை. அவை: உள்ளதை உள்ளவாறு கூறும் இந்திகாத்தீவோ (8 காலங்கள்), எண்ணம், விருப்பம், ஐயம் ஆகியவற்றைச் சார்ந்து வரும் கொஞ்சுந்தீவோ (4), நிபந்தனைப் பாங்கான கொந்தித்சியோனாலே (2), ஏவல் பாங்கு (1). எஞ்சிய மூன்றும் இடம் காட்டாதவை. தமிழின் எச்சங்களோடும் தொழிற்பெயரோடும் ஓரளவு ஒப்பிடத்தக்கவை. அவை ஒவ்வொன்றுக்கும் இரு காலங்கள்.

தமிழ் அறிந்தவருக்கு இதன் அடிப்படை அயலானதன்று. ‘பேசுகிறேன்’ என்ற சொல்லிலேயே ‘நான்’ அடங்கியிருப்பதுபோல, ‘பார்லோ’ என்ற சொல்லிலும் பேசுபவர் அடங்கிவிடுகிறார். எழுவாயைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இந்த வகைப்பாடு இலத்தீன் இலக்கணத்திலிருந்து வந்தது. லெயோன் பத்தீஸ்தா ஆல்பெர்த்தி 1440ஆம் ஆண்டையொட்டி எழுதிய சிறு இலக்கணமும், 1516இல் அச்சான ஃபொர்த்தூனியோவின் இலக்கணமும், 1525இல் வெளிவந்த பியெத்ரோ பெம்போவின் உரைநடை நூலும் மக்கள்மொழிக்கு இலத்தீனுக்கு நிகரான ஒழுங்கு உண்டு என்று நிறுவ முயன்றவை. அந்த நோக்கத்துக்கு இலத்தீன் சட்டகம் உதவியது. ஆனால் சில வடிவங்கள் அதற்குள் பொருந்தவில்லை. ‘பார்லெரெயி’ (பேசுவேன், ஆனால்...) என்ற நிபந்தனை வடிவம் இலத்தீனில் தனி வடிவமாக இல்லை. எதிர்கால வடிவமான ‘பார்லெரோ’வைப் போலவே, அதுவும் ‘பேசுதல்’ என்ற சொல்லோடு ‘உடைமை’ப் பொருள் தரும் துணைவினை ஒட்டி உருவானது.

ஒழுங்கை மறைக்கும் ஒழுங்கு

அட்டவணையின் முதல் குறை, அது உண்மையான ஒழுங்கை மறைத்துவிடுவது. ‘எழுதுதல்’ என்ற வினையின் இறந்தகால வடிவங்களைப் பார்க்கலாம்: ஸ்கிரிஸ்ஸி, ஸ்கிரிவெஸ்தி, ஸ்கிரிஸ்ஸே, ஸ்கிரிவெம்மோ, ஸ்கிரிவெஸ்தே, ஸ்கிரிஸ்ஸெரோ. ஆறு வரிகளில் மேலிருந்து கீழாக எழுதும்போது இது ஒழுங்கற்ற வினை என்றே தோன்றும். மாணவர் ஆறையும் மனப்பாடம் செய்வார். உண்மையில் மாறிய பகுதி மூன்று இடங்களில் மட்டுமே வருகிறது: தன்மை ஒருமை, படர்க்கை ஒருமை, படர்க்கைப் பன்மை. மற்ற மூன்றும் விதிப்படியே அமைகின்றன. ஒழுங்கற்றவை எனப்படும் வினைகளில் மிகப் பல இந்த ஒரே முறையைப் பின்பற்றுகின்றன. தன்மை ஒருமை வடிவம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றவற்றை அமைத்துவிடலாம்.

நிகழ்காலத்திலும் இதே நிலைதான். ‘வெளியே செல்லுதல்’ என்ற வினை எஸ்கோ, எஷி, எஷே, உஷாமோ, உஷீத்தே, எஸ்கொனோ என்று திரிகிறது. ‘நாங்கள்’, ‘நீங்கள்’ என்ற இரு இடங்களில் மட்டும் முதலெழுத்து மாறுவது தற்செயல் அன்று. அந்த இரண்டில் அழுத்தம் விகுதியின்மேல் விழுகிறது. மற்ற நான்கில் பகுதியின்மேல் விழுகிறது. ‘போதல்’ என்ற வினையில் வாதோ என்பதும் அந்தியாமோ என்பதும் வெவ்வேறு பகுதிகளாக இருப்பதும் இதே எல்லைக்கோட்டில்தான். ஒலியழுத்தமே இங்கு விதியாகிறது. ஆனால் வழக்கமான அட்டவணை அழுத்தத்தைக் குறிப்பதில்லை.

பெயரும் பொருளும்

இரண்டாவது குறை, காலங்களின் பெயர்கள். ‘பஸ்ஸாத்தோ புரோஸ்ஸிமோ’ என்றால் அண்மை இறந்தகாலம். ‘பஸ்ஸாத்தோ ரெமோத்தோ’ என்றால் தொலை இறந்தகாலம். இப்பெயர்களை நம்பும் மாணவர், எத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று கணக்கிடத் தொடங்குகிறார். ஆனால் தாந்தே 1265இல் பிறந்தார் என்பதற்குத் தொலை வடிவமும், உயிரோடிருக்கும் எண்பது வயதுப் பெரியவர் தன் பிறப்பைக் கூறுவதற்கு அண்மை வடிவமும் வருவது இயல்பு. இரண்டும் பல பத்தாண்டுகளுக்கோ நூற்றாண்டுகளுக்கோ முந்தியவை. பேசுபவரின் இன்றைய நிலையோடு அந்நிகழ்ச்சிக்குத் தொடர்பு இருக்கிறதா என்பதே வேறுபாடு.

இதிலும் நிலவேறுபாடு உண்டு. வட இத்தாலியப் பேச்சில் தொலை வடிவம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. சிசிலி முதலிய தென்பகுதிகளில் சற்றுமுன் நடந்ததற்கும் அது வழங்குகிறது. தொஸ்கானாவில் இரண்டும் வேறுபாட்டோடு நிலைத்துள்ளன. கதை சொல்லும் எழுத்தில் தொலை வடிவம் நாடெங்கும் உயிரோடிருக்கிறது. அட்டவணையோ எல்லா வடிவங்களுக்கும் ஒரே அளவு கட்டத்தைத் தருகிறது. தொலை இறந்தகால வாக்கியத்தைச் சார்ந்த காலத்தொடர்களில் மட்டுமே வரக்கூடிய ‘திரபஸ்ஸாத்தோ ரெமோத்தோ’வும் அன்றாடம் நூறு முறை வரும் நிகழ்காலமும் அங்கு சமம்.

எதிர்காலமும் பெயருக்குள் அடங்குவதில்லை. ‘ஸரான்னோ லெ ஓத்தோ’ என்ற தொடர் எதிர்கால வடிவில் அமைந்தது. பொருளோ ‘மணி எட்டு இருக்கும்’ என்ற ஊகம். தமிழின் ‘இருக்கும்’ செய்யும் அதே வேலையை இத்தாலிய எதிர்காலமும் செய்கிறது. தொடர் இறந்தகாலமான ‘இம்பெர்ஃபெத்தோ’ பணிவுக்கும் உதவுகிறது. கடையில் ‘எனக்கு ஒரு காப்பி வேண்டும்’ என்பதற்கு ‘வேண்டியிருந்தது’ என்னும் வடிவம் வரும். ‘ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்’ என்று தமிழர் தயங்கிப் பேசுவதை இதனோடு ஒப்பிடலாம். குழந்தைகள் விளையாட்டில் ‘நான் ராஜா, நீ திருடன்’ என்று வேடம் பிரிப்பதும் இதே காலத்தில்தான்.

செய்தியும் பழியும்

பெயரை நம்புவதால் பெரிய தீங்கு நேரக்கூடிய இடம் நிபந்தனைப் பாங்கு. இத்தாலிய நாளிதழ்கள், உறுதிசெய்யப்படாத செய்தியைக் கூற இந்தப் பாங்கின் இறந்தகாலத்தைப் பயன்படுத்துகின்றன. ஓர் அமைச்சர் பணம் பெற்றார் என்ற செய்தி ‘அவ்ரெப்பே ரிச்செவூத்தோ’ என்று வந்தால், அதன் பொருள் ‘பெற்றதாகக் கூறப்படுகிறது’ என்பது. அத்தொடரில் நிபந்தனை எதுவும் இல்லை. தமிழில் ‘பெற்றாராம்’ என்ற ‘ஆம்’ ஈறு இதற்கு மிக அருகில் உள்ளது. அட்டவணை தந்த பெயரை மட்டும் அறிந்தவர் இதை ‘பெற்றிருப்பார்’ என்று மொழிபெயர்க்கக்கூடும். அங்கே பிறர் கூற்று எழுதுபவரின் ஊகமாக மாறிவிடுகிறது. ‘பெற்றார்’ என்று எழுதிவிட்டாலோ குற்றச்சாட்டு உண்மையாகிவிடுகிறது. ஒரு மனிதரின் நற்பெயர் இந்த வினைவடிவத்தைப் புரிந்துகொள்வதைச் சார்ந்து நிற்கிறது.

கொஞ்சுந்தீவோவும் சமூகமும்

இத்தாலியர்களே அதிகம் விவாதிக்கும் வடிவம் கொஞ்சுந்தீவோ. இது செத்துக்கொண்டிருக்கிறது என்ற புலம்பல் அவ்வப்போது எழுகிறது. 2018 சான்ரேமோ இசைவிழாவின் புதியோர் பிரிவில் லொரென்சோ பால்யோனி இதையே தலைப்பாக்கி ஒரு நகைச்சுவைப் பாடலைப் பாடினார். அதற்கு வெகுகாலம் முன்பே, 1975இல் வெளிவந்த ‘ஃபந்தோத்சி’ திரைப்படமும் அதன் தொடர்களும் ‘வாதி’, ‘ஃபாச்சி’, ‘வெங்கி’ போன்ற பிழை வடிவங்களால் நாட்டையே சிரிக்க வைத்தன. சரியான வடிவங்கள் வாதா, ஃபாச்சா, வெங்கா.

அந்தப் பிழை அறியாமையால் மட்டும் விளைவதில்லை. ‘ஆரே’ ஈற்று வினைகளே இத்தாலியத்தில் மிகுதி. அவற்றின் கொஞ்சுந்தீவோ ஒருமை ‘இ’யில் முடியும். ‘போதல்’ என்ற அந்தாரேயும் அந்த ஈற்றைக் கொண்டதே. எனவே ‘வாதி’ என்பது பெரும்பான்மை விதியைப் பின்பற்றிய வடிவம். மேலும், மரியாதையுடன் ஒருவரை ஏவ இத்தாலியத்தில் கொஞ்சுந்தீவோதான் வேண்டும். மேலதிகாரிமுன் மரியாதையாகப் பேச முயலும் எழுத்தரே இந்தப் பிழையில் சிக்கிக்கொள்கிறார். சிரிப்புக்கு ஆளாவது அவருடைய பணிவும்தான்.

இதன் வேர் வரலாற்றில் உள்ளது. 1861இல் இத்தாலி ஒன்றுபட்டபோது மக்களில் சுமார் 2.5 விழுக்காட்டினரே இத்தாலியம் பேச அறிந்திருந்தனர் என்று துல்லியோ தெ மவுரோ 1963இல் வெளியிட்ட நூலில் மதிப்பிட்டார். அர்ரீகோ காஸ்தெல்லானி பின்னர் அதை 10 விழுக்காட்டுக்கு அருகே உயர்த்தினார். எந்த மதிப்பீட்டை ஏற்றாலும், மிகப் பெரும்பாலோர் தம் ஊர்மொழியை வீட்டிலும் இத்தாலியத்தைப் பள்ளியிலும் கற்றனர். அவர்களுக்கு அட்டவணை வழிகாட்டியாக மட்டும் இருக்கவில்லை. படித்தவர், படிக்காதவர் என்று பிரிக்கும் சல்லடையாகவும் இருந்தது. பிராஞ்செஸ்கோ சபாத்தீனி 1985இல் ‘நடுத்தர வழக்கு இத்தாலியம்’ என்ற கருத்தை முன்வைத்தபோது, பிழையெனத் தள்ளப்பட்ட பல வடிவங்கள் எல்லா வகுப்பினரிடமும் பரவலாக வழங்குவதைச் சுட்டினார்.

விதி மாறக்கூடியது என்பதற்கு மன்சோனியே சான்று. ‘நான் இருந்தேன்’ என்பதற்கு ‘ஏரா’ என்பதே அக்கால எழுத்துவழக்கு. தன் நாவலின் 1827 பதிப்பைத் திருத்தி 1840-42இல் வெளியிட்டபோது, ஃபிளாரன்ஸ் பேச்சைப் பின்பற்றி ‘ஏரோ’ என்று மாற்றினார். இன்று அட்டவணையில் நிற்பது அந்தப் பேச்சு வடிவமே.

எனினும் கொஞ்சுந்தீவோ வெறும் அலங்காரம் அன்று. ‘தோட்டம் உள்ள வீட்டைத் தேடுகிறேன்’ என்பதில் இந்திகாத்தீவோ வந்தால், அப்படி ஒரு குறிப்பிட்ட வீடு இருக்கிறது. கொஞ்சுந்தீவோ வந்தால், அத்தகைய வீடு ஏதேனும் கிடைக்குமா என்ற தேடல் மட்டுமே இருக்கிறது. இந்த வேறுபாட்டுக்காகவே அது கற்கத்தக்கது.

மதிப்பீடு

அட்டவணையைக் கைவிட வேண்டும் என்பதற்கு இவை காரணங்கள் ஆகா. ஆசிரியர் இல்லாமல் கற்பவருக்கும் பழைய நூல்களைப் படிப்பவருக்கும் அது இன்றியமையாதது. தேவைப்படுவது மூன்று திருத்தங்கள். அழுத்தம் விழும் இடத்தையும் பகுதி மாறும் இடங்களையும் குறிக்க வேண்டும். ஒவ்வொரு காலமும் பேச்சில், எழுத்தில், எந்த நிலப்பகுதியில் வழங்குகிறது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாங்கும் செய்யும் வேலைகளை, பெயர் சொல்லாதவற்றையும் சேர்த்து, ஓரிரு வாக்கியங்களால் காட்ட வேண்டும். ஊக எதிர்காலமும் பிறர்கூற்று நிபந்தனையும் முதல் ஆண்டுப் பாடத்திலேயே இடம்பெறத் தக்கவை. தமிழ் மாணவருக்கு ‘இருக்கும்’, ‘பெற்றாராம்’ என்ற இரு சொற்களே அவற்றை விளக்கப் போதுமானவை.